உறையில் எழுதிய வரி

மோரிவாக்கி எய்சாக்குவுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை முறை இல்லை. வாள் பதிவு மண்டபத்தில் அன்று உட்கார வேண்டியவர் வேறொருவர். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, எழுந்திருக்கவே முடியவில்லை என்று காலையில் ஆள் வந்து சொல்ல, எய்சாக்கு முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம். அவர் பட்டதும், மற்றவர்களைப் படுத்தியதும், அத்தனையும் அன்றைக்குப் புறப்பட்டுப் போனதால் வந்த வினை.

போர் முடிந்து ஏழு வருஷமாகியும் ஒகயாமா நகரத்துப் பரண்களிலிருந்து வாள் இறங்குவது நின்றபாடில்லை. யார் வீட்டில் வாள் அகப்பட்டாலும் முதலில் போலீஸில் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும், பிறகு இந்த மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய முறையில் கொல்லன் அடித்த வாள் என்று பரிசோதகர் சொன்னால் பதிவு அட்டை கிடைக்கும், வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பட்டாளத்துக்காக ஆலையில் செய்தது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அங்கேயே பிடுங்கி வைத்துக்கொண்டு துண்டு துண்டாக அறுத்துவிடுவார்கள். மேல்முறையீடெல்லாம் கிடையாது.

எய்சாக்கு ஒரு நாளைக்கு அறுபது வாள் பார்ப்பார். கைப்பிடியைக் கழற்றி, உள்ளே செருகியிருக்கும் காம்பைப் பார்த்தாலே பாதி விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும். நானூறு வருஷத் துரு கறுத்து வழவழவென்றிருக்கும், நாற்பது வருஷத் துரு சிவந்து விரலில் ஒட்டும். துரு பொய் சொல்லாது என்பார். வாள் விஷயத்தில் அவரை ஏமாற்ற அந்த மாகாணத்தில் ஆள் இல்லை. மனுஷர்கள் விஷயத்தில் அவர் சுத்த மக்கு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பத்தோராம் எண்ணைக் கூப்பிட்டார்கள். துணிச் சுருளை அணைத்துக்கொண்டு வந்து நின்றவர் மிதாமுரா. நகராட்சியில் குடிநீர்ப் பிரிவு எழுத்தர், பருத்த உடம்பு, ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத முகம். எய்சாக்குவின் தங்கை ஹிசானோ போரில் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளை இன்னும் பத்து நாளில் கட்டிக்கொள்ளப் போகிறவர் இவர்தான். நாற்காலியில் எய்சாக்குவைப் பார்த்ததும் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார், பிறகு சிரித்துவிட்டார்.

"அட, நீங்களா? இன்னிக்கு வேற ஆள்னு ஹிசானோ சொன்னாளே. மச்சான்னு கூப்பிட இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கு, அதனால இப்போதைக்கு சார்தான். சலுகை கேட்டு வந்தேன்னு நினைச்சுடாதீங்க."

எங்கே கிடைத்தது என்று எய்சாக்கு வழக்கப்படி கேட்டார். எங்கள் வீட்டுப் பரணில் என்றார் மிதாமுரா. அதைக் கேள்வி முடியுமுன்பே சொன்னார், சொல்லும்போது காது சிவந்தது. பொய் சொல்லிப் பழகாத மனுஷன்.

எய்சாக்கு துணியைப் பிரித்து, வாளுக்குத் தலை வணங்கி, ஒரு சிறு தாளை மடித்து உதட்டில் கவ்விக்கொண்டார். உறை இல்லாத வாளின் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது, எச்சில் தெறித்த இடத்தில் மறுநாளே துருப் புள்ளி விழும். வாள் உள்ள வீடுகளில் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

காம்பைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரோ படுபாவி அதை வெட்டியிருக்கிறான். கொல்லன் தன் பெயரைப் பொறித்த பாகமே இல்லை. புதிதாக இழைத்த குட்டைக் காம்பு, அதில் புதுத் துளை ஒன்று, அரம் ஓடிய தடம் இன்னும் பளபளக்கிறது. அதன் மேல் உப்புத் தண்ணீர் தெளித்து வரவழைத்த செந்துரு. அரைகுறைப் பரிசோதகன் என்றால் இதோடு ஆலை வாள் என்று தள்ளிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டிருப்பான். எய்சாக்கு வாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

கூரிய விளிம்பை ஒட்டி வெள்ளையாக ஓர் அலைக்கோடு ஓடியது. கொல்லன் வாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துப் பதமேற்றும்போது பிறக்கும் கோடு அது. ஒரு வாளில் இருப்பது இன்னொரு வாளில் வராது, கைரேகை மாதிரி. நுனிக்கு ஒரு சாண் கீழே மூன்று அலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, அவற்றின் தலைக்கு மேல் தனியாக ஒரு சின்னத் தீவு. எய்சாக்கு வாளைக் கண்ணுக்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இதே கோட்டை ஒவ்வோர் அலையாகத் தாளில் வரைந்துவைத்தவர் அவர். அறுநூறு வருஷ வாள், பிஸென் நாட்டு ஒஸாஃபுனேக் கொல்லர்களின் கைவேலை. ஹிசானோவின் முதல் புருஷன் தோகுஜியின் வாள்.

அது எரிந்து போயிருக்க வேண்டிய வாள் ஐயா! ஒகயாமாவில் குண்டு விழுந்த அந்த ஜூன் மாத விடியற்காலையில் தோகுஜியும் ஹிசானோவும் ஆற்றங்கரைக்கு ஓடித் தப்பினார்கள். தப்பிய பிறகு, வாள் வீட்டில் இருக்கிறதென்று தோகுஜி திரும்பி ஓடினான். அவன் வரவில்லை. எரிகிற வீட்டுக்குள் அவன் நுழைந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் தெருத் தீக்காவலில் இருந்த ஒருவர். அவர் இதோ மேஜைக்கு அந்தப் பக்கம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மிதாமுராவேதான்.

எய்சாக்கு வாளை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். நெருப்பில் கிடந்த வாளில் இந்தக் கோடு அழிந்துபோகும். கெட்டிக்காரக் கொல்லன் மறுபடி பதமேற்றிப் புதுக் கோடு வரவழைக்கலாம். ஆனால் பழைய பிஸென் வாள்களில் கோட்டுக்கு மேலே மூடுபனி மாதிரி ஒரு நிழல் தெரியுமே, அது போனால் போனதுதான். இதில் அந்த நிழல் அடியிலிருந்து நுனி வரைக்கும் அப்படியே நின்றது. இந்த வாள் நெருப்பைப் பார்க்கவே இல்லை. அப்படியென்றால் வீடு எரிவதற்கு முன்பே யாரோ இதை வெளியே எடுத்திருக்கிறார்கள். எடுத்தவன், இதைத் தேடி வந்த தோகுஜியை என்ன செய்தான்?

வாயிலிருந்த தாள் நனைந்து போயிருந்தது. வாளைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை பார்க்க வேண்டும், இங்கேயே இருக்கட்டும், நாளை வாருங்கள் என்று சொன்னார். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. மிதாமுரா ஒன்றும் கவனிக்கவில்லை. எழுந்தவர் தயங்கி, ஓர் ஆசை இருக்கிறது என்றார். வெள்ளை மரத்தில் புது உறை செய்யச் சொல்லியிருக்கிறாராம். அட்டை கிடைத்துவிட்டால் அந்த உறையின் மேல் மச்சான் கையாலேயே எழுதித் தர வேண்டுமாம், அதைவிடப் பெரிய கல்யாணப் பரிசு வேண்டாமாம். எய்சாக்குவுக்கு முதுகு சில்லிட்டது.

ஏன் சில்லிட்டதென்றால், இந்த வாளின் பழைய உறையில் எழுதியவரும் அவர்தான். அப்போது அவருக்கு முப்பது வயது, தலைகால் புரியாத பெருமை. எந்த ஊர், எந்தக் காலம், எத்தனை நீளம் என்று எழுதி, கடைசியில் 'உயிரைப் போல் காக்கத் தக்கது' என்று ஒரு வரி போட்டு முடித்தார். நல்ல வாள் என்றால் எல்லாப் பரிசோதகர்களும் போடுகிற வரிதான், கடிதத்தில் நலம் நலமறிய ஆவல் என்று போடுவோமே அந்த மாதிரி. தோகுஜி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கடை போயிற்று, சிநேகிதர்கள் போனார்கள்.

குண்டு விழுந்த வருஷம் வசந்த காலத்தில் ஹிசானோ வீங்கின கன்னத்தோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தோகுஜி வாளை எடுத்து வைத்திருந்தபோது, சாப்பாடு ஆறிவிடும் என்று கூப்பிட்டிருக்கிறாள். திறந்த வாளுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தாளாம், அதற்கு அடி. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கூடப் பிறந்தவளின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே எய்சாக்கு கேட்ட முதல் கேள்வி, வாளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதுதான். மறுநாள் ஒரு ஜாடி பிளம் ஊறுகாயைக் கையில் கொடுத்து அவளைப் புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவைத்தார்.

அந்தப் பாவம் உள்ளே அரித்துக்கொண்டிருந்ததால்தான் அன்றைக்கு மண்டபத்தைப் பூட்டியதும் நேராகத் தங்கை வீட்டுக்கு விரைந்தார். ஒரு தடவை கைவிட்டாயிற்று, இந்தத் தடவை கொலைகாரன் கையில் அவளைக் கொடுக்க விடுவதில்லை என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனார்.

ஹிசானோ பின்கட்டில் உட்கார்ந்து, உலரப்போடுவதற்குப் பேரிக்காய் அளவு துவர்ப்புச் சீமைப் பனிச்சைப் பழங்களைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அண்ணன் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் தலை நிமிராமல் கேட்டாள். மிதாமுரா கொண்டுவந்த வாள், அதன் மூன்று அலை, சின்னத் தீவு, நெருப்புப் படாத நிழல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்த ஆள் சொன்ன சாட்சியே பொய், அவன்தான் தோகுஜியை ஏதோ செய்துவிட்டு வாளை எடுத்துக்கொண்டான் என்று முடிக்கப் போனார். முடிக்கவில்லை. அவர் கண் அவள் கையில் போய் நின்றது.

ஹிசானோ இடக்கைக்காரி. சின்ன வயசில் அப்பா அந்தக் கையை இடுப்போடு கட்டிப்போட்டுப் பார்த்தும் மாறவில்லை. ஊரார் முன்னால் வலக்கையில் செய்வாள், தனியாக இருந்தால் இடக்கைதான். இப்போது இடக்கைக் கட்டைவிரல் பழத்தின் மேல் அழுந்தி அழுந்தி நகர்ந்தது. எய்சாக்குவுக்கு மண்டபத்தில் கண்ணில் பட்டும் மனசில் ஏறாத ஒன்று அப்போதுதான் உறைத்தது. பரணில் கிடந்ததாகச் சொன்ன வாளின் அலகில் ஒரு துருப் புள்ளிகூட இல்லை. கிராம்பு எண்ணெய் வாசனை இருந்தது. மாசாமாசம் யாரோ கல்பொடி தட்டி, தாளால் துடைத்து, எண்ணெய் பூசியிருக்கிறார்கள். அப்படித் துடைக்கும்போது கட்டைவிரல் அழுந்தும் பக்கத்தில் மயிரிழைக் கீறல்கள் விழும். இந்த வாளில் அவை வழக்கமான பக்கத்தில் இல்லை, மறுபக்கத்தில் இருந்தன. அப்பாவின் வாள்களை அந்தக் காலத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் துடைத்துப் பழகினார்கள்.

"நீயா?" என்றார்.

ஹிசானோ கத்தியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது, அண்ணா. அவர் மேல பழி போடாதீங்க. சாமான் ஒழிக்கும்போது என் படுக்கைப் பெட்டியில பாத்துட்டாரு. அப்பா வாள்னு சொன்னேன். சட்டப்படி பதிஞ்சே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நின்னாரு. பரண்ல கிடைச்சதா சொல்லுங்க, செவ்வாய்க்கிழமை போங்கன்னு அனுப்பினதும் நான்தான், காம்புல உப்புத் தண்ணி தெளிச்சுத் துருவேத்தினதும் நான்தான். அன்னிக்கு உக்கார்ற ஆள் புதுக் காம்பைப் பாத்துட்டு ஆலை வாள்னு அறுத்துப் போட்டுடுவாருன்னு நினைச்சேன். நீங்க போய் உக்காந்திருக்கீங்க."

பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னாள். குண்டு விழுவதற்கு இரண்டு நாள் முன்னால் கிராமத்துக்குப் படுக்கைகளை ஏற்றி அனுப்பிய வண்டியில் அவள் அந்த வாளையும் சுருட்டி அனுப்பிவிட்டாள். அது இல்லாமல் இரண்டு நாள் அவன் என்ன ஆவான் என்று பார்க்கத் தோன்றிற்று, அவ்வளவுதான். அந்த இரண்டு நாளும் விமான அபாயச் சங்குக்குப் பயந்து ஊரே ஓடி ஒளிந்துகொண்டிருந்ததில் அவன் பெட்டியைத் திறக்கவில்லை.

"ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு, வாளை எடுத்தியான்னு கேட்டாரு. உள்ரூம் பெட்டியில இருக்குன்னு சொன்னேன். ஊருக்கு அனுப்பிட்டேன்னு சொன்னா அங்கேயே அடிச்சிருப்பாரு, அந்தப் பயத்துலதான் சொன்னேன். அப்புறம் அவர் ஓடறதைப் பாத்தேன், அண்ணா. தெரு முனை வரைக்கும் கண்ணுக்குத் தெரிஞ்சாரு. ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடலை."

அவளைக் குற்றம் சொல்ல எய்சாக்குவுக்கு என்ன யோக்கியதை இருந்தது? எரிகிற வீட்டுக்குள் தோகுஜியை ஓடவைத்தது இரண்டு வாக்கியம். ஒன்று இவள் சொன்னது, இன்னொன்று இவர் எழுதியது.

பழைய உறையை அடுப்பில் வைத்துவிட்டாளாம், வாளை இரண்டு தடவை ஆற்றுக்குக் கொண்டுபோனாளாம். அப்பா வீட்டில் வாள் துடைத்து வளர்ந்தவள், எறியக் கை வரவில்லை. இந்தக் கல்யாணப் பேச்சு வந்ததும், அரிவாளாக அடித்துத் தரச் சொல்லிக் கிராமத்துக் கொல்லனிடம் கொடுத்தாள். அவன் பெயர் இருந்த பாகத்தை வெட்டிய பிறகு இரும்பின் நிறத்தைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் என்னால் ஆகாதம்மா என்று குட்டைக் காம்பாக இழைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான். துருப்பிடிக்க விட்டுவிடலாம் என்றால் அதற்கும் மனசு வரவில்லை, மாசாமாசம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப அவரும் தினமும் எடுத்துப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு," என்றாள். அதுவரைக்கும் கலங்காத குரல் அப்போது கலங்கியது. "வேலை முடிஞ்சு என்னைப் பாக்க வர்ற மனுஷன், நேரா பெட்டிகிட்ட போறாரு. உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்லை, கேட்டப்ப நீங்க குடுத்ததும் இல்லை. இது ஒண்ணு செய்ங்க. ஆலை வாள்னு எழுதிடுங்க. அறுத்துப் போடட்டும். உங்க ஒரு கையெழுத்துல நான் பிழைச்சுப்பேன்."

எய்சாக்கு அப்பாவின் நினைவுப் பலகை முன்னால் ஊதுவத்தி ஏற்றி வைத்துச் சத்தியம் செய்தார். அழுதார்கூட. பொய் அழுகை இல்லை அது, மனப்பூர்வமாகத்தான் அழுதார்.

மறுநாள் காலை மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போனார். அட்டையை எடுத்து வைத்து, பேனாவில் மை நிரப்பி, ஆலை வாள் என்று எழுத வேண்டிய கட்டத்தில் முனையையும் வைத்துவிட்டார். ஒரே ஒரு தடவை, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதலாம் என்று தோன்றியது. அங்கேதான் தொலைந்தார் மனுஷர். தாளை உதட்டில் கவ்விக்கொண்டு ஜன்னலோரம் போனார். காலை வெயில் பட்டதும் அந்த நிழல் விளிம்பிலிருந்து மெல்ல எழுந்து வந்தது.

எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது நியாயங்கள் தயாராக இருந்தன. மிதாமுரா தோகுஜி இல்லை, குடிநீர் எழுத்தர், தங்கமான மனுஷன். அறுநூறு வருஷம் தப்பிப் பிழைத்ததை அறுக்கச் சொல்ல நான் யார்? நல்ல வாளைத் தள்ளினேன் என்று நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால், ஏன் என்று கிளறினால், ஹிசானோவுக்குத்தானே ஆபத்து? அவளைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்கிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டார், அதுதான் எனக்கு ஆறவில்லை. பெயர் இல்லை, நீளம் குறைக்கப்பட்டது, பிஸென் ஒஸாஃபுனே, கமகுராக் காலக் கடைசி என்று அழகான கையெழுத்தில் எழுதி முத்திரை குத்தினார்.

ஹிசானோ அதைப் பற்றி அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணத்தன்று குனிந்து கும்பிட்டாள், எல்லோருக்கும் ஊற்றியது போல அவருக்கும் ஸாக்கே மது ஊற்றினாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறை வந்துவிட்டது என்று மிதாமுரா அவரை வீட்டுக்கு அழைத்தார். கூடத்தில் வெள்ளை மர உறை, மைக்கல், தூரிகை எல்லாம் தயாராக வைத்திருந்தார். எய்சாக்கு ஒரு தீர்மானத்தோடுதான் போயிருந்தார். ஊர், காலம், நீளம், அதோடு நிறுத்திவிடுவது என்று. அப்படியே எழுதி நிறுத்தினார். மிதாமுரா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தப் பதினைந்து நாளில் வாள் புத்தகம் நாலைந்து படித்திருந்தார் போலிருக்கிறது.

"அந்தக் கடைசி வரி இல்லையே, மச்சான்? நல்ல வாள்னா போடுவாங்களாமே. இது அந்தளவுக்கு இல்லையா?"

முகம் வாடிப்போய்விட்டது அவருக்கு. அந்தளவுக்கு இல்லையாவது! எய்சாக்கு தூரிகையை மறுபடி மையில் தோய்த்து, 'உயிரைப் போல் காக்கத் தக்கது' என்று எழுதினார். கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

மிதாமுரா அதை வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு தாளை உதட்டில் கவ்விக்கொண்டு, வாளைத் துணியிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். எய்சாக்குவும் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஹிசானோ தட்டில் தேநீரோடு உள்ளே வந்தாள். இரண்டு பேரும் திரும்பாததைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"டீ ஆறிடும்," என்றாள்.

மிதாமுராவின் இடக்கை சட்டென்று மேலே எழுந்தது. அடிக்க அல்ல, பாவம், பேசாதே என்று சொல்லத்தான். வாயில் தாள் இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வார்? ஆனால் அந்தக் கை எழுந்த வேகத்தில் ஹிசானோ தோளைக் குறுக்கித் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். தட்டில் தேநீர் சிந்தியது. மிதாமுரா கையை இறக்கவில்லை, கண்ணை வாளிலிருந்து எடுக்கவும் இல்லை. அவள் குனிந்த தலையோடு அண்ணனைப் பார்த்தாள்.

எய்சாக்கு அவளைப் பார்க்கவில்லை. அவர் வாளின் மேல் குனிந்து, எச்சில் எங்கேயாவது பட்டிருக்கிறதா என்று அடியிலிருந்து நுனி வரைக்கும் தேடிக்கொண்டிருந்தார்.